தென்னாப்பிரிக்காவுக்கு வேட்டைத் துப்பாக்கி கொண்டு போனவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. டெக்சாஸிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகிறேன், சொந்த ரைஃபிளோடு. இங்கே சுங்க அலுவலகத்தில் துப்பாக்கியை நேரில் காட்டி, வரிசை எண்ணைச் சரிபார்த்து 4457 படிவத்தில் (வெளிநாடு கொண்டுபோகும் சொந்தப் பொருளுக்கான அமெரிக்கச் சுங்கப் பதிவு) முத்திரை வாங்கியாகிவிட்டது. துப்பாக்கியைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுவர தென்னாப்பிரிக்கப் போலீஸிடம் கொடுக்கும் எஸ்ஏபிஎஸ் 520 படிவத்தையும் கறுப்பு மையில் நிரப்பி, ஜோஹன்னஸ்பர்க்கில் போலீஸ் முன்னால் போட வேண்டிய கையெழுத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். தோட்டா இல்லாத துப்பாக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டி, செக்-இன் கவுண்டரில் அறிவிப்பு, தோட்டா 5 கிலோவுக்குள், இதெல்லாம் சரி. குழப்பமே நடுவில்தான். ஃப்ராங்க்ஃபர்ட்டில் விமானம் மாற வேண்டும், பெட்டி நேராக ஜோஹன்னஸ்பர்க் போனாலும் ஜெர்மனியில் தனி அனுமதி வேண்டுமா? விமான நிறுவனத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். அப்புறம், தோட்டாவைத் துப்பாக்கிப் பெட்டியிலேயே வைக்க விட்டார்களா, தனிப் பெட்டி கேட்டார்களா? சமீபத்தில் இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள், டிக்கெட்டை மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.