புதுப்பிப்பு: அத்தாச்சியிடம் கணவர் கையெழுத்து கேட்ட விவகாரம்

இரண்டு வாரம் முன்பு எழுதியிருந்தேன். எட்டு வாரக் கரு, இரண்டு பிள்ளைகளே போதும் என்று கருக்கலைப்புக்குப் போன அத்தாச்சியை, மன்னார்குடிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ‘வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் கணவரான என் அண்ணன் இருப்பதோ சிங்கப்பூரில்.

சரி, நல்லபடியாக முடிந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் அரசு மருத்துவமனைக்குப் போனோம். செலவு பஸ் கட்டணமும் இரண்டு டீயும்தான். சம்மதப் படிவத்தை நானும் எட்டிப் பார்த்தேன். கணவர் கையெழுத்துக்கு இடமே இல்லை. 18 வயதான பெண்ணுக்கு அவள் சம்மதம் போதும் என்பது 1971 கருக்கலைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அத்தாச்சி தமிழில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்டவர்களுக்கு: முதலில் ஸ்கேன் எடுத்தார்கள். கரு, கருப்பையில் இல்லாமல் குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை கேட்காது, உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். முதல் நாள் ஒரு மருந்து, இரண்டு நாள் கழித்து இன்னொன்று. வயிற்றுவலி கடுமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

கல்யாணமாகாத பெண்ணுக்கு உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்டு. 24 வாரம் வரை கருக்கலைப்பை அனுமதிக்கும் விதியிலும் பாகுபாடு கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

நேற்று மறுபரிசோதனையும் ஆயிற்று. அண்ணன் போனில் கேட்டார்: “என் கையெழுத்து எதுக்காம் அவங்களுக்கு?”