சேப்டி வால்வுக்கு மூடி போடச் சொன்ன மகானுக்கு

ஸ்பேனர்22: நேற்று லாட்ஜ் வெந்நீர் பற்றிய இழையில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "500 லிட்டர் ஹீட்டரில் சேப்டி வால்வ் சொட்டிக்கொண்டே இருந்தால் அதன் வாயில் எண்ட் பிளக் போட்டு டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கிவிடுங்கள், வேலை முடிந்தது." அதற்கு நன்றி சொன்னவர்கள் வேறு நாலைந்து பேர். நீலகிரியில் 22 வருடமாகக் குழாய் வேலை பார்க்கிறேன், இப்படி ஒரு யோசனையைப் படித்ததில்லை. சேப்டி வால்வ் என்பது ஹீட்டருக்குள் அழுத்தம் ஏறினால் தானே திறந்து தண்ணீரை வெளியே விடும் வால்வ். 10 டிகிரியில் வரும் தண்ணீரை 65 டிகிரிக்கு ஏற்றினால் ஏறக்குறைய 2 சதவீதம் பெருகும். 500 லிட்டருக்கு 10 லிட்டர். வழியை அடைத்துவிட்டால் அந்த 10 லிட்டர் எங்கே போகும்? மகானின் சட்டைப் பைக்கா?

மலைலாட்ஜ்: அந்த மகான் நான்தான். 14 ரூம், ஒன்பது வருடமாக அதே பிளக், ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். ரூம் குழாய் சொட்டினால் பழுது என்று வாஷர் மாற்றிக் காசு வாங்குகிறீர்கள். வால்வ் சொட்டினால் மட்டும் ஆரோக்கியமா?

ஸ்பேனர்22: ஆமாம். சொட்டுவதுதான் அதன் வேலை.

கணக்குப்புலி: முதலில் எந்த வால்வைப் பேசுகிறோம்? அழுத்தத்துக்கு மட்டும் திறப்பதா, வெப்பத்துக்கும் சேர்த்துத் திறப்பதா? இரண்டும் வேறு. சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் இயல்பு. ஹீட்டரை அணைத்து ஆறிய பிறகும் சொட்டினால் வால்வின் சீட்டில், அதாவது அது மூடும் இடத்தில், தூசியோ உப்போ சிக்கியிருக்கலாம், அல்லது பம்ப் அழுத்தமே அதிகமாக இருக்கலாம். அப்போது வால்வைச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மாற்ற வேண்டும். அடைப்பது எதிலும் சேர்த்தி இல்லை.

மலைலாட்ஜ்: பார்த்தீர்களா, சொட்டினால் பழுது என்று படித்தவரே சொல்லிவிட்டார்.

ஸ்பேனர்22: அவர் அப்படிச் சொல்லவில்லை. சொட்டினால் வேலை செய்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

கணக்குப்புலி: நான் இரண்டையுமே சொல்லவில்லை.

மலைலாட்ஜ்: 10 லிட்டர் கணக்கும் எனக்குப் புரியவில்லை. பிளக் போடும் முன் ஒரு வாளி வைத்துப் பார்த்தேன், ஒரு நாளில் அரை வாளி கூட நிரம்பவில்லை. புத்தகத்துத் தண்ணீர் வேறு, எங்கள் ஊர்த் தண்ணீர் வேறு போல.

ஸ்பேனர்22: சூடாகும்போதே கெஸ்ட் குழாயைத் திறந்தால் பெருகிய தண்ணீர் அந்த வழியே போய்விடும். ராத்திரி எல்லாரும் தூங்கியபின் சூடேறும் தண்ணீர்தான் வால்வுக்கு வரும். பகலில் வாளி வைத்தால் என்ன தெரியும்? சரி, உங்கள் லாட்ஜில் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பாக வந்ததுண்டா?

மலைலாட்ஜ்: வந்தது. கெஸ்ட் புகார் கூடச் சொன்னார்கள். அதற்கும் இதற்கும் என்ன?

ஸ்பேனர்22: அதுதான் ஒன்பது வருட ரகசியம்! ஹீட்டருக்குள் தண்ணீர் போகிற வழியில் உள்ள என்ஆர்வி (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் வால்வ்) பழுதாகியிருக்கிறது. பெருகிய தண்ணீர் பின்பக்கமாகவே மொட்டைமாடித் தொட்டிப் பைப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பழுதான ஒரு பொருள் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. நீங்கள் பிளக்குக்குப் பூமாலை போடுகிறீர்கள்.

கோவைமின்சாரம்: வால்வுக்கு இத்தனை சண்டையா? 18 கிலோவாட் த்ரீபேஸ் ஹீட்டர், பேஸுக்கு 25 ஆம்பியர் ஓடும். கான்டாக்டர், அதாவது ஹீட்டருக்கு மின்சாரம் விடும் பெரிய ஸ்விட்ச், அதன் பாயின்ட் உருகி ஒட்டிக்கொண்டால் தெர்மோஸ்டாட் நில் என்று கத்தினாலும் ஹீட்டர் நிற்காது. அதனால் சூடு எல்லை மீறினால் மின்சாரத்தை வெட்டும் ஹைலிமிட் கட்அவுட்டுக்குத் தனி கான்டாக்டர் வேண்டும். நான் போன லாட்ஜ்களில் பாதிக்கு அது இல்லை. எர்த் கம்பியைத் தண்ணீர்ப் பைப்பில் சுற்றி வைத்திருக்கிறார்கள், அந்தப் பைப்போ இப்போது பிளாஸ்டிக். இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

ஸ்பேனர்22: கேட்கிறோம் தம்பி, முதலில் சொட்டு முடியட்டும்.

மலைலாட்ஜ்: என்னிடம் தெர்மோஸ்டாட் நன்றாகவே இருக்கிறது. அப்புறம் ஊட்டிப் பக்கம் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளிக்காரர்கள் பயப்படுகிற 99 டிகிரிச் சூடு இங்கே வரவே வராது.

கணக்குப்புலி: திறந்த பாத்திரத்தில் வராது சார். மூடிய தொட்டியில் வரும். உங்கள் மேல்தொட்டி 15 மீட்டர் உயரம் என்றாலே ஒன்றரை பார் அழுத்தம். அந்த அழுத்தத்தில் 120 டிகிரியிலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். தொட்டி பிளந்த அந்த நொடிதான் அதில் ஒரு பகுதி ஆவியாகும். ஆவியாகும் தண்ணீர் 1,600 மடங்குக்கு மேல் பெருகும். வெடிப்பு என்பது அதுதான். குக்கரில் விசில் இருக்கும் இடத்தில் ஆணி அடித்துவிட்டு 'எங்கள் ஊர் உயரம்' என்று யாராவது சொல்வார்களா?

தமிழ்க்கொதி: எல்லாரும் 'வால்வ்' என்று எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. அடைப்பிதழ் என்று அழகான சொல் இருக்கிறதே.

ஸ்பேனர்22: தயவுசெய்து அடைப்பு என்ற சொல்லையே இங்கே எடுக்காதீர்கள்.

தமிழ்க்கொதி: கேலி செய்தால் சொல் செத்துவிடாது. போன வருடம் கழிவுநீர்ப் பைப் சரிவு பற்றிய இழையிலும் இவர் இப்படித்தான். 'எனக்கு அனுபவம்' என்று ஆரம்பித்து, தப்பான சரிவு சொல்லி, கடைசிவரை ஒத்துக்கொள்ளவே இல்லை.

ஸ்பேனர்22: அந்த இழையில் நான் நாலு அங்குலப் பைப்பைச் சொன்னேன், நீங்கள் மூன்று அங்குலத்தை எடுத்துக்கொண்டு குதித்தீர்கள். இணைப்பு தரட்டுமா?

தமிழ்க்கொதி: தாருங்கள். நானும் மூன்று தருகிறேன்.

கோவைமின்சாரம்: எர்த் பற்றி யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம்.

மலைலாட்ஜ்: ஸ்பேனர் அண்ணே, பச்சைத்தண்ணீர் சூடாக வரும் பிரச்சினை இப்போது இல்லை. போன மாதமே புது என்ஆர்வி போட்டாகிவிட்டது. ஆக உங்கள் 'ரகசியம்' பொய். பிளக் அப்படியே இருக்கிறது, தொட்டியும் அப்படியே இருக்கிறது.

ஸ்பேனர்22: புது என்ஆர்வியா? பிளக்கோடா? ஐயோ சாமி. இப்போது இரண்டு பக்கமும் அடைப்பு. காலையில் முதல் வெந்நீர்க் குழாயைத் திறக்கும்போது பீய்ச்சி அடிக்கிறதா?

மலைலாட்ஜ்: ஆமாம், ஃபோர்ஸ் நன்றாக இருக்கிறது என்று கெஸ்ட் பாராட்டுகிறார்கள்.

கணக்குப்புலி: சார், இது பாராட்டு இல்லை, உள்ளே அடைபட்ட அழுத்தம். இன்றைக்கே மெயின் ஸ்விட்ச்சை அணைத்து, தொட்டி ஆறியபின் பிளக்கைக் கழற்றுங்கள். வால்வைப் புதிதாகப் போட்டு, அதன் வாயிலிருந்து ஒரு பைப்பைத் தரை வரை கீழ்நோக்கி இறக்கி நுனியைத் திறந்தே விடுங்கள். தொட்டிக்கும் வால்வுக்கும் நடுவில் பால் வால்வ் (கையால் திறந்து மூடும் வால்வ்) எதுவும் வேண்டாம். சொட்டு பிடிக்கவில்லை என்றால் எக்ஸ்பான்ஷன் டேங்க் ஒன்று வையுங்கள், பெருகும் தண்ணீரை அது வாங்கிக்கொள்ளும்.

மலைலாட்ஜ்: டேங்க் என்ன விலை?

ஸ்பேனர்22: அதெல்லாம் எதற்கு, வால்வ் சொட்டட்டும் விடுங்கள். சொட்டினால் வேலை செய்கிறது.

கணக்குப்புலி: எப்போதும் இல்லை என்று மேலேயே சொன்னேன்.

ஸ்பேனர்22: டிப்ளமா வாங்கியவர் எழுதுவார், நனைவது நான்.

மலைலாட்ஜ்: உங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை, என்னை மட்டும் மகான் என்கிறீர்கள். மே மாதம் முழுக்க ரூம் புக்கிங். சீசன் முடியட்டும், பார்க்கலாம். பழுதில்லை என்றால் ஏன் சொட்டுகிறது என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ஸ்பேனர்22: மறுபடியும் முதலில் இருந்தா? 10 டிகிரித் தண்ணீரை 65 டிகிரிக்கு ஏற்றினால்...

தமிழ்க்கொதி: நான் கேட்ட இணைப்பு எங்கே?