16 மி.மீ. புரொஜெக்டரை வெளி ஸ்பீக்கருடன் இணைக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். அப்பா ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் படம் காட்டிய, வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையர் உள்ள 16 மி.மீ. புரொஜெக்டரைத் துடைத்து ஓட்டிப் பார்த்தேன். எக்சைட்டர் விளக்கின் ஒளி ஃபிலிம் ஓரத்து ஒலித்தடத்தின் வழியே ஒளியை மின்சாரமாக்கும் ஃபோட்டோசெல்லில் விழ, பெட்டி ஸ்பீக்கரில் குரல் தெளிவாகவே கேட்கிறது. ஆனால் 50 பேர் அமரும் கூடத்துக்கு அது போதவில்லை. அந்த ஸ்பீக்கரின் பின்புறம் 16 ஓம் என்று அச்சிட்டிருக்கிறது. என்னிடம் இருப்பவையோ 8 ஓம். ஸ்பீக்கர் என்ற சுமை இல்லாமல் ஓட்டினால் ஆம்ப்ளிஃபையரின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுவிடக்கூடும் என்பதால், பழைய ஸ்பீக்கரைக் கழற்றாமல், அதற்கு இணையாக ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (இரு சுற்றுகளை நேரடி மின்தொடர்பு இல்லாமல் இணைப்பது) ஒன்றைப் போட்டு, ஒலி அளவைக் குறைத்து, ஆடியோ மிக்சரின் லைன் இன்புட்டுக்குக் கொடுக்கலாம் என்று எண்ணுகிறேன். எத்தனை ஓம் ரெசிஸ்டர்கள் வேண்டும், இரைச்சலை எப்படித் தவிர்ப்பது என்று, செய்து பார்த்தவர்கள் சொன்னால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.