மறுமொழி: ஆக்டிவ் ஸ்பீக்கர், பாசிவ் ஸ்பீக்கர் - தமிழில் என்ன?

வணக்கம்.

> ஆக்டிவ் = செயல்படு ஒலிபெருக்கி, பாசிவ் = செயலற்ற ஒலிபெருக்கி. சரிதானா?

வேண்டாங்க. ஆம்ப்ளிஃபையர், அதாவது சிக்னலைப் பெருக்கும் கருவி, உள்ளேயே இருப்பது ஆக்டிவ் ஸ்பீக்கர்; அதை வெளியே தனியாக வைக்க வேண்டியது பாசிவ். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் 'செயலற்ற ஒலிபெருக்கி கிடைக்கும்' என்று பலகை மாட்டினால் யார் படியேறுவார்கள்? ரிப்பேருக்கு வந்த சரக்கு என்றுதான் நினைப்போம்.

இதில் நானே ஒருமுறை ஏமாந்தவன். படம் பார்க்க ஹாலில் டிவியோடு ஒரு கணினியை இணைத்து வைத்திருக்கிறேன். அதற்கென்று அதே தெருவில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினேன். மரப்பெட்டி, நல்ல கனம். வீட்டில் பிரித்துப் பார்த்தால் பவர் ஒயரே இல்லை. பின்னால் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கிளிப் மட்டும். விடுவேனா? பழைய ஹெட்போன் ஒயரை வெட்டி, நுனியைச் சீவிக் கிளிப்பில் செருகி, பின்னைக் கணினியின் பச்சைத் துளையில் மாட்டினேன். வால்யூம் 100இல் வைத்தும் பக்கத்து அறையில் யாரோ ரகசியம் பேசுவதுபோலத்தான் கேட்டது. அந்தத் துளையில் வருவது ஏறத்தாழ ஒரு வோல்ட் சிக்னல். 32 ஓம் ஹெட்போனுக்கு அது தாராளம். 8 ஓம் ஸ்பீக்கர் கேட்கிற மின்னோட்டத்துக்கு அது எங்கே போகும்? நடுவில் ஆம்ப்ளிஃபையர் வேண்டும்.

என் யோசனை அங்கிருந்து வந்ததுதான். ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை, மின்சிக்னலை ஒலியாக மாற்றுகிறது, அவ்வளவே. பெருக்குவது ஆம்ப்ளிஃபையர். ஆகவே ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருந்தால் 'ஒலிபெருக்கி', இல்லாவிட்டால் 'ஒலிப்பெட்டி'. சவுண்ட் சர்வீஸ்காரர்களும் 'பாக்ஸ்' என்றுதானே சொல்கிறார்கள்? (ஒற்று பற்றி யாராவது கேட்பதற்கு முன்: ஒலியைப் பெருக்குவது ஒலிபெருக்கி, இரண்டாம் வேற்றுமைத்தொகை, ஒற்று மிகாது. ஒலியைத் தரும் பெட்டி ஒலிப்பெட்டி, அங்கே மிகும்.)

கடையில் விற்கும் 2.1 செட்டில் வைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் சப்வூஃபருக்குள் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய பெட்டி) ஆம்ப்ளிஃபையர் இருக்கும், சின்னவை இரண்டும் அதிலிருந்து ஒயர் வாங்கிக்கொள்ளும். ஓர் ஒலிபெருக்கி, இரண்டு ஒலிப்பெட்டி. பொருந்துகிறது.

> மைக் ஒலிவாங்கி என்றால் ஸ்பீக்கர் ஒலிவழங்கி ஆகலாமே?

காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கணினியில் நேராக மாட்டலாமா, கூடாதா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. எனக்கு வேண்டியது அந்தப் பதில்.

என் பக்கத்திலும் ஓர் ஓட்டை உண்டு. ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கட்டும் கூம்புக்குள் ஆம்ப்ளிஃபையர் கிடையாது. அது கீழே மேசைமேல் இருக்கும். ஆனாலும் செய்தித்தாள் 'கூம்பு வடிவ ஒலிபெருக்கி' என்றுதான் எழுதும். அதை மாற்றச் சொல்லி நான் போராடப் போவதில்லை. வாங்கும் பொருளுக்கு மட்டும் இந்தப் பிரிவு இருக்கட்டும்.

அப்புறம், கணினியிலிருந்து ஹெச்டிஎம்ஐ ஒயரை வாங்கி ஐந்து ஒலிப்பெட்டிக்கும் பிரித்துத் தருகிறதே, ஏவி ரிசீவர், அதற்கு என்ன சொல்? 'பெறுநர்' மட்டும் வேண்டாம், தபால்காரர் நினைவுக்கு வருகிறார். 'ஒலிபிரிப்பி' என்று ஒன்று தோன்றியது. ஆனால் அது பெருக்கவும் செய்கிறதே என்று இடிக்கிறது. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
திருவல்லிக்கேணியிலிருந்து