டர்பன் மேசைகளில் போக்கரா, பிளாக்ஜாக்கா? நேரில் பட்டதைச் சொல்லுங்கள்

ஓவர்போர்ட்வாசி:
வேலைக்காக மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்தவன். ஊரில் ரம்மி ஆடிப் பழக்கம் உண்டு. இங்கே அலுவலக நண்பர்களோடு அவ்வப்போது கேசினோவுக்குப் போகிறேன். ஒருவர் பிளாக்ஜாக் மேசையை விட்டு எழுந்திருப்பதே இல்லை. கேசினோவுக்காகச் சீட்டுப் போடும் டீலரைவிட, தாண்டாமல் 21க்கு நெருங்கவேண்டிய ஆட்டம் அது. இன்னொருவரோ போக்கரைத் தவிர மற்றதெல்லாம் சீட்டாட்டமே இல்லை என்று சாதிக்கிறார். இரண்டையும் பழக எனக்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. எதைப் பிடிப்பது? கணக்கை எங்கேயும் படித்துக்கொள்ளலாம். உட்கார்ந்து ஆடியவர்கள் சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த் பெரியவர்:
தம்பி, எங்கள் இளமையில் டர்பனில் கேசினோவே கிடையாது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் சூதாட்டத்தைத் தடை செய்திருந்தது. ஆனால் தெற்கே இருக்கும் டிரான்ஸ்கையைத் தனி நாடு என்று அன்றைய அரசு சொல்லிக்கொண்டிருந்ததால் அங்கே அந்தத் தடை செல்லாது. 1981இல் வைல்ட் கோஸ்ட் சன் என்ற கேசினோ அங்கே திறந்த பிறகு, சனிக்கிழமை பஸ் ஏறி, போர்ட் எட்வர்டைத் தாண்டி, உம்டம்வுனா ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் சீட்டுக்குப் பணம் கட்டுவது சட்டப்படி சரி. பாலத்துக்கு இந்தப் பக்கம் அதுவே குற்றம்! கேசினோக்களை அனுமதித்த 1996 சட்டம் வந்த பிறகுதான் கேசினோ எங்கள் ஊருக்கே வந்தது.

பஸ்ஸில் போகும் வழியெல்லாம் ‘தண்ணி’ ஆட்டம் நடக்கும். நீங்கள் ஊருக்குப் புதியவர் என்பதால் சொல்கிறேன்: நான்கு பேர், இரண்டு கட்சி, 24 சீட்டு. முதலில் ஆளுக்கு நான்கு, துருப்பு வைத்த பிறகு இரண்டு. ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. கூட்டினால் 304. யாழ்ப்பாணத்தார் 304 என்றே ஆடும் ஆட்டத்துக்கு நெருங்கிய உறவு. எந்தச் சீட்டு போய்விட்டது, எது யார் கையில் நிற்கிறது என்று கடைசிவரை நினைவில் வைத்திருப்பவன்தான் இதில் கெட்டிக்காரன். அதனால் எங்கள் ஆட்கள் எல்லோரும் போக்கர்தான் தங்களுக்கென்றே பிறந்தது என்று நினைத்தார்கள். நானும் ஆடினேன், ஜெயித்தும் இருக்கிறேன்.

போக்கரில் ஜெயிக்கும் ஒவ்வொரு ராண்டும் எதிரே இருப்பவர் சட்டைப்பையிலிருந்து வருகிறது. நம் ஆட்கள் கூடும் மேசையில் எதிரே இருப்பவர் யார்? தைப்பூசத்துக்கு நமக்கு முன்னால் காவடி எடுத்துப் போகிறவர். ஒரு முறை எங்கள் தெருக்காரர் ஒருவருடைய சில்லுகளையெல்லாம் ஒரே ஆட்டத்தில் வாரிவிட்டேன். வெள்ளிக்கிழமை கோயிலில் சுண்டல் கொடுத்தவர் அவர்தான். எனக்கு மட்டும் தொன்னையில் பாதி. அன்று முதல் நான் பிளாக்ஜாக் கட்சி. அங்கே ஜெயித்தாலும் தோற்றாலும் கம்பெனிக்கும் எனக்கும்தான் கணக்கு.

பீனிக்ஸ் அக்கா:
பெரியவர் சொல்வதில் ஒரு திருத்தம். பிளாக்ஜாக் மேசையிலும் பக்கத்தில் இருப்பவரோடு சண்டை வரும். நான் சில வருடங்கள் டீலராக வேலை பார்த்தவள். கடைசி நாற்காலியில் இருப்பவர் சீட்டு எடுத்து, அதன் பிறகு டீலருக்கு நல்ல சீட்டு வந்துவிட்டால், மேசையே அவர்மேல் பாயும்: “என் பணத்தைக் கெடுத்தாய்” என்று. அவர் எடுத்த சீட்டு மற்றவர்களைக் கெடுத்த அளவுக்குக் காப்பாற்றியும் இருக்கிறது. காப்பாற்றிய நாளில் யாரும் நன்றி சொல்லி நான் பார்த்ததில்லை.

ஓவர்போர்ட் தம்பிக்கு உருப்படியாக இரண்டு விஷயம். நான் வேலை பார்த்த இடத்தில் டீலர் முதலில் ஒரே ஒரு சீட்டுத்தான் எடுப்பார். ஆடுகிறவர்கள் எல்லோரும் முடித்த பிறகுதான் இரண்டாவது. டீலர் முதலிலேயே இரண்டு சீட்டையும் எடுத்துவிடும் அமெரிக்க மேசைகளுக்கென்று எழுதிய அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். உங்களிடம் 11, டீலரிடம் 10. அந்த அட்டவணை பந்தயத்தை இரட்டிப்பாக்கு என்று சொல்லும். இங்கே இரட்டிப்பாக்கிய பிறகு டீலருக்கு ஏஸ் விழுந்து பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும்) ஆகிவிட்டால் இரண்டு பங்கும் போய்விடும். வெறுமனே ஒரு சீட்டு கேளுங்கள், போதும். டீலர் 10 காட்டும்போது இரண்டு எட்டுகளை இரண்டு கையாகப் பிரித்து இன்னொரு பந்தயம் வைப்பதும் அப்படித்தான். வேண்டாம்.

இன்னொன்று இன்ஷூரன்ஸ். டீலர் ஏஸைக் காட்டியதும் நம் அம்மாக்கள் பதறிப்போய், அவருக்குப் பிளாக்ஜாக் விழும் என்று இன்னொரு பாதிப் பந்தயத்தை எடுத்து வைப்பார்கள். பெயர் அப்படி. 13 தரத்தில் பத்து மதிப்புள்ளவை 4 தரம் மட்டும். இன்ஷூரன்ஸுக்குக் கொடுப்பது ஒன்றுக்கு இரண்டு. மூன்றில் ஒரு தடவை வந்தால்தான் அது கட்டுபடியாகும். அதற்குக் குறைவாகத்தான் வருகிறது. நான் “இன்ஷூரன்ஸ்?” என்று கேட்டுக் கையை நீட்டிய ஒவ்வொரு முறையும் அது முதலாளிக்கு லாபம்.

ஒழுங்காக ஆடினால் பிளாக்ஜாக்கில் வீட்டுக்காரர், அதாவது கேசினோவின் பங்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. உட்காரும் முன் மேசைத் துணியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பிளாக்ஜாக் விழுந்தால் 100 ராண்டுக்கு 150 கிடைக்கும் மேசை உண்டு, 120 மட்டும் கிடைக்கும் மேசையும் உண்டு. சுமார் 21 ஆட்டத்துக்கு ஒருமுறை அது விழுகிறது. இரண்டாவது வகை மேசையில் நான் யாரையும் உட்காரச் சொல்லமாட்டேன்.

உம்லாங்கா இரவுக்காரன்:
நான் போக்கர் கட்சி. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கேசினோவில் போக்கர் என்று பலகை மாட்டிய எல்லாமே போக்கர் இல்லை. கரீபியன் ஸ்டட், மூன்று சீட்டுப் போக்கர் எல்லாம் டீலரை எதிர்த்து ஆடுவது. கரீபியன் ஸ்டட்டில் முதல் பந்தயத்தில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வீட்டுக்காரருக்கு. என் மாமா அதை ஆடிவிட்டு “போக்கர் நமக்கு ஒத்துவராது” என்று முடிவுகட்டி வீட்டுக்கு வந்தார். ஒத்துவராதது வேறு.

நான் சொல்லும் போக்கர் டெக்சஸ் ஹோல்டம்: கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. ஆடுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுவார்கள். வீட்டுக்காரர் குவியலில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொள்வார். அதனால் அந்தப் பங்கையும் மீறி மற்றவர்களைவிட நன்றாக ஆடினால் லாபம் உண்டு. அதே நிலை பிளாக்ஜாக்கில் சாதாரண ஆட்டக்காரருக்குக் கிடையாது, அக்காவே ஒப்புக்கொள்வார். ஆனால் பொறுமை வேண்டும். கையில் இரண்டு ஏஸ் 221 கைக்கு ஒருமுறைதான் வரும். மணிக்கு 30 கை என்று வைத்தால் ஏழு மணி நேரத்துக்கு ஒரு தடவை. மற்ற நேரமெல்லாம் சீட்டை மடக்கிவிட்டுக் காபி குடிக்கும் வேலை.

பெரியவர் சொன்ன தண்ணிப் பழக்கம் இங்கே தொல்லையும்கூட. அந்த ஆட்டத்தில் கூட்டாளி உண்டு. அவர் புருவத்தைப் பார்த்தே பாதி ஆட்டம் நடக்கும். போக்கரில் கூட்டாளியே கிடையாது, இரண்டு பேர் சேர்ந்துகொண்டால் அதற்குப் பெயர் மோசடி. என் பக்கத்தில் இருந்த இருவர் தமிழில் ஏதோ பேசிக்கொண்டார்கள். “பிள்ளைக்குப் பரீட்சை முடிந்ததா?” என்பதுதான் பேச்சு. டீலர் உடனே ஆட்டத்தை நிறுத்தி, கையில் சீட்டு இருக்கும்போது ஆங்கிலம் மட்டும் என்றார். இருவருக்கும் முகம் சுருங்கிவிட்டது. டீலர் செய்தது சரிதான். எனக்குத் தமிழ் தெரியும், எதிரே இருந்த ஜூலு நண்பருக்கு அது எப்படித் தெரியும்?

தம்பிக்கு என் யோசனை: ரம்மியில் எதிராளி எதைப் போட்டார், எதை எடுத்தார் என்று பார்க்கிறவர் நீங்கள் என்றால் போக்கருக்கு வாருங்கள். உதாரணமாக, மேசையில் மூன்று சீட்டு திறந்திருக்கிறது, உங்களுக்கு நான்கு இஸ்பேட்டு சேர்ந்துவிட்டது என்றால், ஐந்தாவது வர 35 சதவீத வாய்ப்பு. இந்தக் கணக்கு தெரிந்தால் பயமே இல்லை.

ஓவர்போர்ட்வாசி:
எல்லோருக்கும் நன்றி. நான் எதிராளியைப் பார்க்கிற ரகம்தான். ஆனால் ஏழு மணி நேரம் உட்கார வீட்டில் விடமாட்டார்கள். 100 ராண்டு வைத்து ஒரு மணி நேரம் பிளாக்ஜாக் ஆடினால் எவ்வளவு போகும், அக்கா?

பீனிக்ஸ் அக்கா:
மணிக்கு 60 ஆட்டம் என்றால் 6,000 ராண்டு மேசையில் உருளும். நூற்றுக்கு ஒன்று என்று வைத்தாலும் சராசரி 60 ராண்டு. ஒரு இரவில் 2,000 போகலாம், 2,000 வரலாம். சராசரி உங்களுக்கென்று தனியாக எதையும் எடுத்து வைப்பதில்லை.

உம்லாங்காத் தம்பிக்கு: அந்த 35, மீதி இரண்டு சீட்டையும் பார்த்தால்தான். அடுத்த ஒரு சீட்டுக்கு 47இல் 9, அதாவது 19 சதவீதம். எதிராளியின் பந்தயத்தோடு சேர்த்து 300 ராண்டு குவிந்திருக்கும்போது உங்களை 100 கேட்கிறார் என்றால், கட்டுபடியாக 25 சதவீதம் வேண்டும். இருக்கிற சில்லெல்லாம் உள்ளே போய்விட்டது, இனி யாரும் கேட்கமாட்டார்கள் என்றால் கட்டுங்கள். அடுத்த சீட்டு விழுந்ததும் மறுபடியும் கேட்கப்போகிறவர் என்றால் மடக்கிவிடுங்கள்.