காவேரிப்பட்டினம் வீடு: ஞாயிறு விருந்து

வெள்ளி, காலை 7:12

மல்லிகா: எல்லோருக்கும் காலை வணக்கம். ஞாயிறு மதியம் பெண் வீட்டார் சாப்பிட வருகிறார்கள். 12 பேர். நித்யாவுக்குத் தாய்லாந்து பச்சைக் குழம்பு என்றால் உயிராம், மணி சொல்கிறான். எனக்கு அதில் ஆனா ஆவன்னா தெரியாது. தமயந்தி, கொஞ்சம் சொல்லம்மா. சைவம் எத்தனை பேர் என்று மணி கேட்டுச் சொல்.

சரோஜா: பிரியாணி போட்டால் ஆகாதா

மணி: அதுவும்தான் பெரியம்மா

கீர்த்தி: தாலி ஏறும் முன்பே அடுப்பு கைமாறுகிறது 😂

மணி: நீ வாயை மூடு

கோவிந்தன்: இனிய வெள்ளி 🙏 எல்லாம் நல்லதே நடக்கும்

தமயந்தி: அக்கா, பயப்படாதீர்கள். கடையில் பாட்டில் விழுது கிடைக்கும், ஆனால் பலவற்றில் இறால் கலந்திருக்கும். அரூர் அண்ணி தொட மாட்டார். நாமே அரைத்துவிடலாம். பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, தனியா, சீரகம், வெள்ளை மிளகு. கொத்தமல்லியை வேரோடு வாங்குங்கள், வேரையும் சேர்த்துத்தான் அரைக்கிறார்கள். மண் போகக் கழுவ வேண்டும். இஞ்சி வேண்டாம், அந்த இடத்தில் பேரரத்தை. அவர்கள் பச்சைக் கிழங்காகப் போடுகிறார்கள், நமக்கு நாட்டு மருந்துக் கடையில் காய்ந்தது கிடைக்கும். வெந்நீரில் நன்றாக ஊறப் போடுங்கள். சித்தரத்தையை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது வேறு. எலுமிச்சைப் புல் ஓசூரிலிருந்து நான் கொண்டு வருகிறேன். அவர்கள் போடும் எலுமிச்சை இலை கிடைக்காவிட்டால் நம் நாரத்தை இலை போதும், நடு நரம்பை உருவிவிட்டு. அச்சாக அதே மணம் வராது, பக்கத்தில் வரும்.

மல்லிகா: நம் நாரத்தை போன வருடம் காய்ந்துவிட்டது

சரோஜா: இங்கே இருக்கிறது. பறித்து வருகிறேன்

கீர்த்தி: சித்தி, இதெல்லாம் தேர்வுக்கு வருமா

ராஜம்மா: அரத்தை சளிக்குப் போடும் கஷாயம். அதைப் போய்க் குழம்பிலா

தமயந்தி: அண்ணி, இதற்கே இப்படிச் சொன்னால் எப்படி. இறக்கும்போது திருநீற்றுப் பச்சிலை கிள்ளிப் போடுவார்கள். அதில் ஒரு வகைதான் அங்கே இருப்பதும். வேறொரு வறுவலில் துளசியே போடுவார்கள், கோழிக்கறியோடு.

ராஜம்மா: பெருமாளே

ராஜம்மா: கோழியோடா

ராஜம்மா: மல்லிகா, மாடத்துத் துளசியில் யாரும் கை வைக்கக் கூடாது. இப்போதே சொல்லிவிட்டேன்

மல்லிகா: வைக்க மாட்டோம் அண்ணி

சரோஜா: பிரியாணியே போடலாம் என்றேன்

காலை 9:40

மல்லிகா: பிள்ளைகள் ஃப்ரைட் ரைஸ் கேட்கிறார்கள். எள் எண்ணெய் வேண்டுமாம். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் டின் நிறைய இருக்கிறது, அது ஆகுமா?

தமயந்தி: ஆகாது அக்கா. நம்முடையது வறுக்காத எள்ளில் கருப்பட்டி போட்டு ஆட்டுவது. சீனா, கொரியாவில் எள்ளை வறுத்துப் பிழிகிறார்கள். பழுப்பாக இருக்கும், மணம் தூக்கும். அதில் தாளிக்கக் கூடாது, கருகிக் கசந்துவிடும். இறக்கியபின் ஒரு ஸ்பூன், அவ்வளவுதான். சின்ன பாட்டில் போதும். சோயா சாஸில் இரண்டு உண்டு. உப்புக்கு வெளிர் சாஸ், நிறத்துக்குக் கறுப்பு சாஸ். கறுப்பை மட்டும் வாங்கி ஊற்றிவிட்டுச் சோறு கரியாகிவிட்டது என்று என்னைத் திட்டக் கூடாது. சனி இரவே சோறு வடித்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே விடாதீர்கள்.

கீர்த்தி: 👍 (நான் படிக்கவில்லை)

கோவிந்தன்: *பலமுறை பகிரப்பட்டது* எச்சரிக்கை!! சீன உணவில் போடும் அஜினோமோட்டோ என்னும் விஷம்!! சீனாவின் சதி!! 10 பேருக்கு அனுப்பவும்

கீர்த்தி: மாமா, அது ஜப்பான். 1908-இல் கிகுனே இக்கெடா என்ற பேராசிரியர் கடல்பாசிக் குழம்பில் வரும் ருசி எதனால் என்று தேடிப் பிரித்தெடுத்தது. தக்காளியிலும் அந்தச் சத்து இயற்கையாகவே உண்டு. இப்போது கரும்பு, மரவள்ளி இவற்றிலிருந்து புளிக்கவைத்துச் செய்கிறார்கள்.

கோவிந்தன்: மரவள்ளியா

கோவிந்தன்: நம் மரவள்ளியா

கீர்த்தி: கிழங்கு ஒன்றுதான் மாமா. பபிள் டீயில் உருண்டை உருண்டையாக வருகிறதே, அதுவும் மரவள்ளி மாவுதான். நம் ஜவ்வரிசிக்கு அண்ணன்

கோவிந்தன்: அப்படியானால் மில்லில் ஏன் இந்த விலைக்கு எடுக்கிறான்? மாவுச்சத்து பாயிண்ட் குறைவு என்கிறான். போன தடவை லோடு ஏற்றி அனுப்பியதில் கூலி கூட வரவில்லை. மழை வேறு

மணி: மாமா, ஞாயிறு...

கோவிந்தன்: ஆமாம் ஆமாம். அந்தச் செய்தியை அழித்துவிடட்டுமா

மதியம் 1:05

தமயந்தி: முக்கியமானதை மறந்தேன். வறுக்கப் பெரிய இரும்பு வாணலி வேண்டும். நான்ஸ்டிக் அந்தத் தீயைத் தாங்காது. அடி உருண்டது இண்டக்‌ஷனில் சரிப்படாது, காஸ் அடுப்புதான். ஆயாவின் இரும்புச் சட்டி இருந்ததே?

சரோஜா: அது அரூரில் அல்லவா இருக்கிறது

ராஜம்மா: அம்மா தன் கையால் எனக்குக் கொடுத்தது

சரோஜா: யார் இல்லை என்றது

ராஜம்மா: பாகம் பிரித்தபோது பித்தளை அண்டா இரண்டும் எங்கே போனது என்று நான் கேட்டேனா அண்ணி

ராஜம்மா: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

கீர்த்தி: அத்தை, நான் படித்துவிட்டேன்

மல்லிகா: அண்ணி, ஞாயிறு முடியட்டும். அப்புறம் எல்லாம் பேசலாம்

சரோஜா: அண்டா ஒன்றுதான். இன்னொன்று ஓட்டை

கோவிந்தன்: சட்டி மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. தவிடு கலக்குகிறோம். துரு ஏறிவிட்டது

ராஜம்மா: உங்களை யார் கேட்டது

தமயந்தி: துருவுக்குக் கவலை வேண்டாம். கம்பி நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, உடனே அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய வையுங்கள். பிறகு துணியில் தொட்டு எண்ணெயை மெல்லிசாகத் தடவிப் புகைய விட வேண்டும். ஆறியதும் மறுபடி. கறுத்து மினுமினுப்பு வரும் வரை. கடைசிவரை புளி போட்டுத் தேய்க்கக் கூடாது, ஏறிய கறுப்பெல்லாம் போய்விடும். வறுக்கும்போதும் கோழியை ஒரே தடவையில் கொட்டினால் தண்ணீர் விட்டு வேகும், வறுபடாது. பச்சைக் குழம்பு அதில் வேண்டாம், அடிகனமான பாத்திரத்தில் கெட்டித் தேங்காய்ப்பாலை முதலில் கொதிக்கவிட்டு, எண்ணெய் பிரியும்போது விழுதை வதக்கி...

கீர்த்தி: சித்தி மூச்சு விடுங்கள்

மல்லிகா: விழுதை அம்மியிலா மிக்ஸியிலா? அம்மி மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது, நகர்த்த ஆள் வேண்டும்

தமயந்தி: மிக்ஸி போதும். தண்ணீர் மட்டும் விடாதீர்கள், சுற்றாவிட்டால் இரண்டு ஸ்பூன் தேங்காய்ப்பால். அப்புறம் கேரட் சீவ அந்தப் பலகைத் துருவி வாங்கட்டுமா? காகிதம் மாதிரி சீவும்

சரோஜா: விரலையும் சீவும். அரிவாள்மனை இருக்கிறது

ராஜம்மா: எனக்கு என்ன சமைப்பீர்கள்

மல்லிகா: அதே குழம்பு, காளானும் கத்தரிக்காயும் போட்டுத் தனிப் பாத்திரத்தில். மீன் சாஸ் எதிலும் இல்லை அண்ணி. தமயந்தியிடம் கேட்டுக்கொண்டேன்

ராஜம்மா: கரண்டி?

மல்லிகா: கரண்டியும் தனி

மாலை 6:30

மல்லிகா: சட்டியை யார் எடுத்து வருவது? மணி, நாளை அரூர் போய் வா

மணி: நாளை இரண்டாம் ஷிப்ட் அம்மா

கோவிந்தன்: பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடட்டுமா

ராஜம்மா: சட்டி என் கையோடு வரும். போகும்போதும் என் கையோடு போகும்

சரோஜா: 👍

கீர்த்தி: பெரியம்மாவின் கட்டை விரலில் எவ்வளவு அர்த்தம்

தமயந்தி: அண்ணி, தேய்ப்பதை வீடியோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்

ராஜம்மா: எனக்குச் சட்டி தேய்க்கத் தெரியும்

மல்லிகா: மட்டன் எத்தனை கிலோ சொல்ல? கடைக்காரர் இன்றைக்கே கேட்கிறார்

சரோஜா: ஐந்து

கோவிந்தன்: நம் ஆட்களும் இருக்கிறோம், ஏழு சொல்லுங்கள்

மல்லிகா: மணி, சைவம் எத்தனை பேர்?

மணி: கேட்டுச் சொல்கிறேன்

மல்லிகா: காலையிலிருந்து இதையேதான் கேட்கிறேன்