அவசரம்: வண்டியை உயர்த்திக் கட்டிய பிறகு ஸ்டீரிங் கையைப் பிடுங்குகிறது

பாலிக்புலாவ்78 (சனி, இரவு 11.40)

வணக்கம். நேற்றுதான் வண்டி பட்டறையிலிருந்து வந்தது. இன்று காலை பினாங்குப் பாலத்தில் ஓர் இணைப்பைத் தாண்டியதும் ஸ்டீரிங் இடமும் வலமுமாக அடிக்க ஆரம்பித்துவிட்டது. பிடித்து நிறுத்த முடியவில்லை. வேகம் 70தான். 40க்குக் கீழே இறக்கிய பிறகுதான் அடங்கியது. பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். வீல் பேலன்சிங் இரண்டு தடவை பார்த்தாயிற்று. அடுத்த வாரம் காட்டுக்குப் போக ஏற்பாடு செய்திருக்கிறோம். என்னவாக இருக்கும்? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பேராய்_போமன் (சனி, இரவு 11.52)

எந்த வண்டி, எந்த வருடம்? எத்தனை அங்குலம் உயர்த்தினீர்கள்? ஸ்பிரிங்கை மாற்றினார்களா, ஸ்பிரிங் நுனியை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளை நீட்டினார்களா? டயர் என்ன அளவு? முன்சக்கரத்தை அச்சின் தண்டிலிருந்து விடுவிக்கிற ஃப்ரீ வீல் ஹப் இருக்கிறதா? பிரேக்கை மிதித்தால் கூடுகிறதா, குறைகிறதா? இதெல்லாம் தெரியாமல் எதைச் சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

டீசல்கை (ஞாயிறு, காலை 7.05)

ஸ்டீரிங் டேம்பர், அதாவது ஸ்டீரிங் ஆட்டத்தை அடக்கும் ஷாக், போய்விட்டது, வேறொன்றும் இல்லை. எனக்கும் காராக் நெடுஞ்சாலை இறக்கத்தில் இப்படித்தான் அடித்தது. புதிது மாட்டினேன், அன்றோடு நின்றது.

செந்தூல்_அக்கா (ஞாயிறு, காலை 7.30)

டேம்பர் இருக்கிற நடுக்கத்தை மறைக்கும். காரணத்தை நீக்காது. புதிதாக மாட்டினால் சில மாதம் அமைதியாக இருக்கும், அப்புறம் இன்னும் மோசமாகத் திரும்பி வரும். குழந்தையை ஏற்றிப் போகிற வண்டியில் அந்த வேலை வேண்டாம்.

டீசல்கை

எனக்கு மூன்று வருடமாகத் திரும்பி வரவில்லை அக்கா.

கெப்போங்_மண்பாதை

டயரில் காற்று எவ்வளவு? பெரிய டயர் மாட்டிவிட்டு 38, 40 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். 28க்கு இறக்கி ஒரு சுற்று போய்ப் பாருங்கள்.

நாற்பது_பழசு (ஞாயிறு, காலை 9.10)

தம்பி, கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. இதே கேள்விக்கு இங்கே பல தடவை பதில் எழுதியிருக்கிறேன், தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. தொழிற்சாலையில் இன்ஜினியர்கள் கணக்குப் போட்டு வைத்த உயரத்தைப் பட்டறைக்காரன் ஒருவன் ஒரே நாளில் மாற்றுகிறான். அப்புறம் ஏன் ஆடுகிறது என்று கேட்கிறீர்கள். பழையபடி இறக்குங்கள். நின்றுவிடும்.

பாலிக்புலாவ்78 (ஞாயிறு, மதியம் 1.15)

மன்னிக்கவும், சொல்ல மறந்துவிட்டேன். லேண்ட் குரூசர் பிஜே40, 1978. பாலிக் புலாவில் ஒரு டுரியான் தோட்டத்திலிருந்து வாங்கினேன். ஒன்பது வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். தரைத்தகடு முழுவதும் துரு, வெட்டிப் புதிதாக வைத்தோம். பழைய பி டீசல் இன்ஜின்தான், 2977 சிசி, அதைத் தொடவில்லை. போன வாரம் நான்கு ஷேக்கிளையும் 4 அங்குலம் நீட்டி 33 அங்குல டயர் மாட்டினோம். ஏதோ ஆப்புத் தகடும் முன்னால் போட்டார்கள், கேஸ்டருக்கு என்று சொன்னார்கள். காற்று 36.

செந்தூல்_அக்கா (ஞாயிறு, மதியம் 1.48)

இப்போது விஷயம் புரிகிறது. தம்பி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பேரங்காடித் தள்ளுவண்டியின் முன்சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். அது திரும்பும் முளை முன்னால் இருக்கும், சக்கரம் அதன் பின்னால் இழுபட்டு வரும். அதனால்தான் நேராக ஓடுகிறது. உங்கள் முன் அச்சின் கிங்பின் கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதும் இதே காரணத்துக்குத்தான். அந்தச் சாய்வுதான் கேஸ்டர். உங்கள் 40 சீரிஸில் டொயோட்டா கொடுத்ததே 1 டிகிரி அளவுதான், அதாவது கையிருப்பே குறைவு.

இந்த வண்டியில் முன் ஸ்பிரிங்கின் ஷேக்கிள் முன்பக்க நுனியில் இருக்கிறது. அதை நீட்டினால் ஸ்பிரிங்கின் முன் நுனி சட்டத்திலிருந்து கீழே இறங்கும், அச்சின் தலை முன்பக்கமாகக் கவிழும். 4 அங்குலம் நீட்டியதில் வண்டி 2 அங்குலம்தான் உயர்ந்திருக்கும். ஆனால் கேஸ்டர் பூஜ்ஜியத்துக்கும் கீழே போயிருக்கும். அதைச் சரிக்கட்டத்தான் ஆப்புத் தகடு.

இனிமேல்தான் கவனம். இந்த வண்டியில் ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே இருக்கிறது, தகடு இரண்டுக்கும் நடுவில் உட்காரும். கனமான விளிம்பு முன்னால் இருந்தால்தான் அச்சின் தலை பின்னால் சாயும். 4 டிகிரித் தகடு என்றால், திருப்பி வைத்தால் 4 டிகிரி கூடுவதற்குப் பதில் 4 டிகிரி குறையும். குனிந்து பாருங்கள், டார்ச் போதும், எதையும் கழற்ற வேண்டாம். தகடு அலுமினியமா இரும்பா என்றும் சொல்லுங்கள். அலுமினியம் நசுங்கி விரிசல் விடும், யூ போல்ட் தளர்ந்துவிடும்.

பேராய்_போமன்

அக்கா சொன்னது சரி, ஆனால் தகட்டோடு நிறுத்தாதீர்கள். முன்சக்கரத்தை ஜேக்கில் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டுங்கள். நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் நக்கிள் பேரிங், அதாவது சக்கரம் இடவலமாகத் திரும்பும் மூட்டின் பேரிங். நக்கிளைத் திறந்தால் கிரீஸும் கியர் எண்ணெயும் கலந்து கறுப்புக் கூழாக வழிகிறதா என்று பாருங்கள். அப்படி வழிந்தால் உள் சீல் போயிருக்கிறது, பேரிங்கும் பிழைத்திருக்காது. அப்புறம் வண்டியைத் தரையில் நிறுத்தி ஒருவர் ஸ்டீரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டட்டும், நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பாருங்கள். சட்டத்தில் மாட்டியிருக்கும் நடு ஆர்மைப் பலர் மறந்துவிடுவார்கள். ஃப்ரீ வீல் ஹப் இருக்கிறதா? சொல்லவில்லையே.

நாற்பது_பழசு

இவ்வளவு ஆப்பும் கணக்கும் எதற்கு? 1951இல் இந்த வண்டியின் முன்னோடி ஃபியூஜி மலையின் ஆறாம் நிலை வரை ஏறியது. அன்றைக்கு யாரும் ஷேக்கிளை நீட்டவில்லை. 1978 வண்டி ஒன்று முழுசாகக் கிடைப்பதே அபூர்வம். அதை வெட்டுவது எனக்கு மனசு வலிக்கிற விஷயம்.

கெப்போங்_மண்பாதை

அண்ணே, மழைக்காலத்தில் லாரி ஓடிய தடத்தில் முழங்கால் அளவு பள்ளம் இருக்கும். பழைய உயரத்தில் போனால் அச்சில் தொங்கும் டிஃப் கூடு மண்ணில் உட்கார்ந்துவிடும். கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்கா வண்டி?

சீரிஸ்3

தோட்டத்தில் பிறந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். துரைமார் ஓட்டியது லேண்ட் ரோவர். ரப்பர் காட்டுக்குள் அது போகாத இடம் இல்லை. உடலின் பெரும்பகுதி அலுமினியம், அது துருப்பிடிக்காது.

நாற்பது_பழசு

அலுமினியம் இரும்பைத் தொடுகிற இடமெல்லாம் வெள்ளைப் பொடியாக உதிர்வதைப் பார்த்ததில்லையா? கடற்காற்று அடிக்கிற பினாங்கில் அது இன்னும் வேகம். அதன் சட்டமும் இரும்புதான், அதுவும் துருப்பிடிக்கும்.

சீரிஸ்3

என் அப்பா காலத்து வண்டி இன்றும் ஓடுகிறது ஐயா. சட்டத்துக்கு ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் உள்ளே எண்ணெய் தெளிப்போம். பார்த்துக்கொண்டால் எந்த இரும்பும் நிற்கும்.

நாற்பது_பழசு

அதை ஒத்துக்கொள்கிறேன்.

டீசல்கை

இவ்வளவு செலவு செய்கிறவர் பி இன்ஜினை ஏன் வைத்திருக்கிறார்? ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய வண்டியில், அதுதான் ஹாஃப் கட், டொயோட்டாவின் 1கேஇசட் டீசல் இன்ஜினை எடுத்துப் போடலாமே.

பேராய்_போமன்

இன்ஜினை மாற்றினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி, புஸ்பகாம் வாகனப் பரிசோதனை, கிராண்டில் (பதிவுச் சான்றிதழில்) திருத்தம் எல்லாம் வேண்டும். இன்ஜின் எண் ஒத்துப்போகாத வண்டியை நாளைக்கு விற்கவும் முடியாது. 2024 ஜூன் 10இலிருந்து தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்கு ஏறியபோது பலர் பெட்ரோல் இன்ஜினுக்கு மாறலாமா என்று என்னிடம் கேட்டார்கள். எல்லோருக்கும் இதையேதான் சொன்னேன். அதுவும் அந்த பி இன்ஜின் மெதுவானதே தவிர சாகாது. அவர் கேட்டது ஸ்டீரிங்கைப் பற்றி, அதற்கு வாருங்கள்.

செந்தூல்_அக்கா (திங்கள், இரவு 9.20)

தம்பி, பார்த்தீர்களா? சரிசெய்யும் வரை நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தகட்டைச் சரியாகத் திருப்பி வைத்தால் முன் டிஃப்பின் மூக்கு கீழே இறங்கும். டிஃப்புக்குச் சக்தி கொண்டுவரும் புரப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டுக் கோணம் கூடும். ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது கையை நீட்டும். எனக்குப் பன்னிரண்டு வருடமாக அப்படித்தான், இன்னும் ஒவ்வொரு ஞாயிறும் ஆசையாகத்தான் கீழே படுக்கிறேன். முழுத் தீர்வு வேண்டுமென்றால் அச்சு நுனிகளை வெட்டித் திருப்பிப் பற்றவைக்க வேண்டும். அதைத் தெரிந்த கை மட்டும்தான் செய்ய வேண்டும்.

கெப்போங்_மண்பாதை (புதன்)

ஆளைக் காணோமே. நல்லபடியாக இருக்கிறீர்களா?

பாலிக்புலாவ்78 (வெள்ளி, இரவு 10.05)

வேலை, எழுத முடியவில்லை. இரண்டு பக்கமும் கனமான விளிம்பு பின்னால்தான் இருந்தது. திருப்பி வைத்தோம், இரும்புத் தகடுதான். இடது நக்கிளில் அதே கறுப்புக் கூழ், சீலும் பேரிங்கும் மாற்றியாயிற்று. காற்று 28. இன்று பாலத்தில் நான்கு தடவை போய்வந்தேன், தனியாக. ஸ்டீரிங் அசையவில்லை. அக்காவுக்கும் போமன் அண்ணனுக்கும் நன்றி. காட்டுப் பயணத்தை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டோம். இப்போது 75ஐத் தாண்டினால் தரைத்தகட்டில் ஒரு மெல்லிய அதிர்வு, காலில் தெரிகிறது.

பேராய்_போமன் (வெள்ளி, இரவு 10.11)

ஃப்ரீ வீல் ஹப் இருக்கிறதா? இருந்தால் இரண்டையும் திறந்துவிட்டு ஒரு சுற்று போய் வாருங்கள். அதிர்வு நின்றால் முன் ஷாஃப்ட்தான்.